ஒன்றாம் எண் தலை

எங்கள் மேடத்தைப் பற்றி யாராவது எழுத வேண்டும் என்று பலரிடம் சொல்லிப் பார்த்தேன். பேராசிரியரிடம் சொன்னபோது, "எந்த ஆய்விதழ்ல வரும்?" என்று கேட்டார். அதனால் நானே எழுதுகிறேன். எனக்குக் கோபம் சட்டென்று வரும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். எழுதிக்கொண்டிருக்கும்போதும் வரும்.

நான் ஸ்கேன் ஆபரேட்டர். உடம்புக்குள் படம் எடுக்கிற மெஷின்களை ஆராயும் ஒரு கூட்டு மையத்தில் பதினோரு வருஷமாக வேலை பார்க்கிறேன். கூட்டு என்றால் மூன்று பேர் கூட்டு: ஒரு மருத்துவமனை, ஒரு பல்கலைக்கழகம், மெஷின் செய்கிற ஒரு கம்பெனி. மருத்துவமனைக்குப் பெரிய டாக்டர், பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியர். கம்பெனிக்கு ஒருவர் வருவார். அவருடைய பதவியின் பெயர் வருஷா வருஷம் மாறுவதால் நாங்கள் கம்பெனிக்காரர் என்றே சொல்வோம். இந்த மூவரையும் ஒரே அறையில் உட்கார வைத்து, கைகலப்பு இல்லாமல் வீட்டுக்கு அனுப்பி வைப்பதுதான் மேடத்தின் வேலை. உத்தரவில் 'மைய மேலாளர்' என்று கௌரவமாகப் போட்டிருக்கும்.

இந்த வேலைக்கு வருவதற்கு முன் அவர் ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கச் செயலாளராக இருந்தார். நேர்முகத் தேர்வில், "ஆராய்ச்சி அனுபவம் உண்டா?" என்று கேட்டிருக்கிறார்கள். "நூத்தி இருபது வீட்டுக்கு ஒரே தண்ணி மோட்டார். ஏழு வருஷம் ஓட்டினேன். ஒரு போலீஸ் கேஸ் கிடையாது" என்றாராம். அப்போதே வேலை கொடுத்துவிட்டார்கள்.

வாசலில் மூன்று நிறுவனங்களின் பெயரும் வேண்டும். எது மேலே வருவது? முதல் வருஷம் முழுக்க இந்தச் சண்டைதான். மேடம் பேசாமல் மூன்று தனித்தனித் தகடுகள் செய்யச் சொன்னார். ஒவ்வொரு மாதமும் முதல் தேதி காலையில் ஸ்டூல் போட்டு ஏறி, தாமே ஸ்க்ரூ டிரைவரால் கழற்றி, கீழே இருந்ததை மேலே மாட்டுவார். கூட்ட அறைக்கு வட்ட மேஜை வாங்கினார், தலைமை இடம் என்று ஒன்று இருக்கக்கூடாது என்று. அவருக்கு இடப்பக்கமாக மூவரும் வரிசையாக உட்காருவார்கள். வலப்பக்க நாற்காலியில் ஃபைல்கள் உட்காரும். ஏன் அந்த நாற்காலியை ஃபைலுக்குக் கொடுத்தார் என்று அப்போது யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

எந்தத் தீர்மானத்துக்கும் மூன்று கையெழுத்து வேண்டும். மினிட்ஸ் புத்தகத்தைப் புரட்டினால், இருவர் ஆதரவு, ஒருவர் எதிர்ப்பு; ஒருவர் ஆதரவு, இருவர் வெளிநடப்பு, இப்படியே போகும். காபி மெஷின் வாங்கவே நாலு கூட்டம் நடந்தது. மேடத்துக்கு ஒரே ஓர் ஆசை. "தம்பி, ரிட்டயர் ஆகுறதுக்குள்ள ஒரே ஒரு தடவை 'ஒருமனதாக'ன்னு எழுதிட்டுப் போயிடணும்" என்பார். சிலருக்கு வெளிநாடு போக ஆசை, சிலருக்கு வீடு கட்ட ஆசை. இவருக்கு இது.

இனி தலை விஷயத்துக்கு வருகிறேன்.

மையம் தொடங்கிய அன்று மெஷினைச் சரிபார்க்க ஆரோக்கியமான ஒரு மனிதத் தலை தேவைப்பட்டது. அந்தத் தலையை வைத்துத்தான் 'இயல்பு' என்றால் இன்னது என்று கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுப்பார்கள். மருத்துவமனைத் தலை என்றால் பல்கலைக்கழகம் ஒத்துக்கொள்ளாது. பல்கலைக்கழகத் தலை என்றால் கம்பெனி சிரிக்கும். மூன்று பேரிடமும் சமபங்காகச் சம்பளம் வாங்குகிற, அதனால் யாருக்கும் தனியாகச் சொந்தமில்லாத ஒரே தலை மேடத்துடையதுதான். போய்ப் படுத்தார். ஏட்டில் 'தன்னார்வலர் எண் 1' என்று எழுதினோம். தலை கொடுத்தவர் யார் என்பதை வெளியில் சொல்லக்கூடாது, சொன்னால் வேலை போகும் என்று ஒன்பதாம் விதியை எழுதியதும் மேடமேதான். அன்றைக்கு இருந்த மூன்று பிரதிநிதிகளும் பிறகு ஓய்வு, மாற்றல் என்று போய்விட்டார்கள். இப்போதிருக்கும் மூவருக்கும் ஒன்றாம் எண் வெறும் எண்.

அன்றிலிருந்து திங்கள்தோறும் காலை ஏழரைக்கு, யாரும் வருவதற்கு முன், மேடம் தோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு மெஷினுக்குள் போவார். இருபது நிமிஷம். டமடமவென்று அந்த மெஷின் போடுகிற சத்தத்தில் செத்தவனும் எழுந்து உட்காருவான். இவர் குறட்டை விடுவார். "வாரத்துல கையெழுத்து கேக்காத இருபது நிமிஷம் இதுதான் தம்பி. அஞ்சு நிமிஷம் சேத்து எடு" என்பார். நானும் சேர்த்து எடுப்பேன். அந்தப் படத்தைக் கம்ப்யூட்டர் விழுங்கி, இயல்பு பற்றிய தன் அறிவைப் புதுப்பித்துக்கொள்ளும். கம்பெனி ஊரெல்லாம் விற்ற மெஷின்களுக்கும் அதுவே போகும்.

இங்கே என் தவறைச் சொல்லியாக வேண்டும். மேடம் படத்தில் வலது காதுக்குப் பின்னால், மண்டைக்குள், மிளகு அளவில் சாம்பல் நிறப் புள்ளி ஒன்று முதல் நாளிலிருந்தே உண்டு. படத்தை நேராக வைக்க ஓர் அடையாளம் வேண்டுமே, நான் அந்தப் புள்ளியைப் பிடித்துக்கொண்டேன். குறுக்குக் கோட்டைக் கொண்டுபோய் அதன் மேல் வைத்தால் படம் அச்சாக நிற்கும். "மேடம், உங்களுக்கு மண்டைக்குள்ளயே மச்சம்" என்று கூட ஒருமுறை சொன்னேன். "அப்ப நான் மச்சக்காரிதான்" என்று சிரித்தார். ஒன்றாம் எண் படம் மெஷினைச் சரிபார்க்க மட்டும், அதை வைத்து நோய் பார்க்கக்கூடாது என்பது நாலாம் விதி. அதனால் எந்த டாக்டரும் அதைப் பார்த்ததில்லை. வாரா வாரம் பார்த்தவன் நான் ஒருவன். வாரா வாரம் பார்ப்பவனுக்கு வளர்வது தெரியாது. இதை எழுதும்போது என்னையே நாலு அறை அறையத் தோன்றுகிறது.

போன வருஷம் புதிய ஆய்வுக்காக நல்ல ஆரோக்கியமான நாற்பத்திரண்டு பேரைப் படம் எடுத்தோம். நாற்பத்திரண்டு பேருக்கும் கம்ப்யூட்டர் ஒரே முடிவைத் தந்தது: 'இயல்பு அல்ல. வலது காதின் பின்புறம் ஒன்று குறைகிறது.'

அவர்களில் ஒருவர் நீச்சல் பயிற்சியாளர், கல்லைத் தின்றாலும் ஜீரணிக்கிற ஆள். முடிவைப் படித்துவிட்டு என் அறையில் உட்கார்ந்து அழுதுவிட்டார். "எப்ப சார் கொறைஞ்சது? சின்ன வயசுல இருந்துச்சா?" என்று கேட்டார். தண்ணீர் கொடுத்தேன்.

கூட்டம் போட்டார்கள். காதில் எந்நேரமும் எதையாவது மாட்டிக்கொண்டு திரிவதால் மனித குலம் ஒரு உறுப்பை இழந்து வருகிறது என்றார் பேராசிரியர். இல்லாத அந்த உறுப்புக்குப் 'பின்செவி நுண்முடிச்சு' என்று பெயரும் வைத்துவிட்டார். பெரிய டாக்டர், குடிதண்ணீரில்தான் கோளாறு என்றார். கம்பெனிக்காரர், அடுத்த பதிப்பில் சரியாகிவிடும் என்றார். மனித குலத்தின் அடுத்த பதிப்பா, மெஷினுடையதா என்று மேடம் விளக்கம் கேட்டு, அதையும் மினிட்ஸில் எழுதிக்கொண்டார்.

நாற்பத்து மூன்றாவதாக என்னைப் படுக்கச் சொன்னார்கள். படுத்தேன். எனக்கும் ஒன்று குறைகிறதாம். எனக்கு வந்ததே ஆத்திரம்! பெற்றவள் இரண்டு கை, இரண்டு கால், எல்லாம் எண்ணிப் பார்த்துத்தான் வீட்டுக்குத் தூக்கி வந்தாள். இந்த டப்பா யார் எனக்குக் குறை சொல்ல? என் படத்தையும் ஒன்றாம் எண்ணின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டேன். அங்கே மச்சம் இருந்தது. என் தலையில் இல்லை. அதன் பிறகு பதினோரு வருஷத்துக்கு முந்தைய முதல் படத்தை எடுத்துப் பார்த்தேன். மிளகு பட்டாணியாகியிருந்தது. மிளகாக இருந்தவரை சட்டை செய்யாத கம்ப்யூட்டர், பட்டாணியானதும் அதை எல்லார் தலையிலும் தேட ஆரம்பித்திருக்கிறது. எங்களுக்கு எதுவும் குறையவில்லை. மேடத்துக்குத்தான் ஒன்று கூடுதலாக இருந்தது.

அந்த வாரம்தான் அவர் கணவர் ஃபோனில் புலம்பியிருந்தார். அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துபவர், நாளெல்லாம் பேசியே பிழைப்பவர். "தம்பி, ஆபீஸ்ல உங்க மேடம் சரியா இருக்காளா? வீட்ல நல்லாத்தான் பேசுறா. வண்டியில ஏறி என் பக்கத்துல உக்காந்தா ஊமை. நான் பாட்டுக்குப் பேசிட்டே வர்றேன், ஒரு 'உம்' கூடக் கிடையாது. என்னை மதிக்கிறதே இல்ல" என்றார். வண்டியில் ஓட்டுபவர் வலப்பக்கம், மேடம் இடப்பக்கம். அப்படியென்றால் அவர் பேசுவதெல்லாம் இவருடைய வலது காதுக்குத்தானே?

ஓடிப்போய் மேடத்திடம் இரண்டு படத்தையும் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். பிறகு மெதுவாக எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல மேடம். இது உங்க..."

"வாயை மூடு. ஒன்பதாம் விதி."

"விதியாவது மண்ணாங்கட்டியாவது! படத்தை எடுத்துட்டுப் போய் டாக்டர்கிட்ட காட்டுங்கக்கா!"

கோபம் வந்தால் எனக்கு மேடம் அக்காவாகிவிடுவார்.

"படம் மையத்தோட சொத்து தம்பி. வெளிய கொண்டுபோக மூணு கையெழுத்து வேணும். நானே விதியை மீறினா அப்புறம் எவன் மதிப்பான்?" என்றார். நூற்று இருபது வீட்டுக்கு மோட்டார் ஓட்டியவரிடம் நான் என்ன பேச முடியும்? அவரே உட்கார்ந்து படிவம் எழுதினார்: 'தன்னார்வலர் எண் 1-இன் தலையில் கட்டி போன்ற ஒன்று காணப்படுகிறது. சம்பந்தப்பட்டவருக்குத் தெரிவிக்க அனுமதி கோரப்படுகிறது.' கோருபவர், மைய மேலாளர்.

கூட்டத்தில் படம் காட்ட நானும் இருந்தேன். பேராசிரியர் படிவத்தைப் படித்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டார். "இதென்ன அபத்தம்! ஒன்றாம் எண்தான் இயல்பு. இயல்புல எப்படிக் கட்டி இருக்கும்? இதை ஒத்துக்கிட்டா பதினோரு வருஷக் கட்டுரை அத்தனையும் குப்பையில போகும்."

"ஊர் முழுக்க ஓடிட்டிருக்கிற மெஷின் எல்லாத்தையும் நிறுத்தச் சொல்றீங்களா?" என்றார் கம்பெனிக்காரர்.

பெரிய டாக்டர் படத்தைப் பார்க்கவில்லை, கீழே அச்சாகியிருந்த எண்ணைத்தான் பார்த்தார். "இந்தாளு நம்ம ஆஸ்பத்திரி நோயாளியா? இல்லையா? அப்ப நான் எதுக்குக் கருத்துச் சொல்லணும்? கம்ப்யூட்டர் என்ன சொல்லுது?"

கம்ப்யூட்டர், ஒன்றாம் எண்ணை ஒன்றாம் எண்ணோடு ஒப்பிட்டு, இயல்பு என்று சொன்னது.

தீர்மானம் போட்டார்கள். ஒன்றாம் எண் இயல்பு. கட்டி எதுவும் கிடையாது. யாருக்கும் எதையும் தெரிவிக்கத் தேவையில்லை. மேடம் குனிந்து எழுதினார். கடைசி வரிக்கு வந்ததும் நிமிர்ந்தார்.

"அப்ப மூணு பேருக்கும் சம்மதமா?"

"சம்மதம்" என்றார்கள் மூவரும், ஒரே குரலில்.

"ஒருமனதாக" என்று மேடம் எழுதினார். பதினோரு வருஷத்தில் முதல் தடவை. கூட்டம் முடிந்ததும் அந்தப் பக்கத்தை எனக்குக் காட்டினார். கண்ணில் தண்ணீர் நின்றது. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அந்த அம்மாவுக்கு நிஜமாகவே பெருமையும் இருந்தது, அதுதான் கொடுமை.

நான் விடவில்லை. காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை நச்சரித்தேன். கடைசியில் ஒரு சனிக்கிழமை, வீட்டில் சொல்லாமல், ஊர்க் கோடியில் ஒரு ஸ்கேன் கடைக்குப் போய் டோக்கன் வாங்கி, சொந்தப் பெயரில் படம் எடுத்துக்கொண்டார். திங்களன்று ரிப்போர்ட்டை என் மேஜையில் போட்டார்.

"பாரு. நூத்துக்கு நூறு."

பார்த்தேன். 'முற்றிலும் இயல்பு. ஒப்பீட்டுப் பொருத்தம் நூறு சதவீதம்.' கீழே ஒரு டாக்டர் படிக்காமலே போட்ட கையெழுத்து.

"பள்ளிக்கூடத்துல கணக்குல முப்பத்தஞ்சு தாண்டினதில்ல தம்பி. நூறு இப்பத்தான் வாங்கியிருக்கேன்."

"அக்கா, இது யாரோட மெஷின்? நம்ம கம்பெனியோடது! உங்க தலையை உங்க தலையோடவே வச்சுப் பார்த்திருக்கு! நூறு வராம என்ன வரும்?"

"மூணு பேர் ஒருமனதா சொல்லிட்டாங்க. மெஷினும் சொல்லிடுச்சு. நீ ஒருத்தன்தான் முரண்டு பிடிக்கிறே" என்று தோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, வழக்கம்போல் உள்ளே போய்ப் படுத்தார். அவர் இனி வேறு எந்த டாக்டரிடமும் போகமாட்டார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பட்டாணி அதுபாட்டுக்கு வளரும். ஒரு நாள் மூளையை அழுத்தும். அன்றைக்கும் கம்ப்யூட்டர் நூறு போடும்.

அடுத்த கூட்டத்தில் பேராசிரியர், பின்செவி நுண்முடிச்சை இழந்தவர்களுக்கு அதைச் செயற்கையாகச் செய்து பொருத்துவது பற்றி ஒரு திட்டம் கொண்டுவந்தார். அதாவது நல்ல தலையைத் திறந்து கட்டி வைக்கும் திட்டம். முதலில் பொருத்திக்கொள்ள அந்த நீச்சல் பயிற்சியாளர் சம்மதம் எழுதிக் கொடுத்துவிட்டாராம். எனக்கு உச்சந்தலை வரை சூடேறிவிட்டது.

"நிறுத்துங்கய்யா! அந்த ஒன்றாம் எண் யார் தெரியுமா? இதோ உக்காந்து உங்களுக்கு மினிட்ஸ் எழுதிட்டிருக்காங்களே, இவங்க தலைதான் அது!"

மேடம் பேனாவை மூடி வைத்தார். "ஒன்பதாம் விதி. உனக்கு வேலை போச்சு தம்பி" என்றார். குரல் உடைந்திருந்தது.

பேராசிரியர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். பெரிய டாக்டர் கையைக் காட்டி அவரை அடக்கினார். எழுந்து மேஜையைச் சுற்றி வந்தார். வலப்பக்க நாற்காலியில் இருந்த ஃபைல்களைத் தூக்கித் தரையில் வைத்தார், உட்கார்ந்தார். மேடம் என்னை முறைத்துக்கொண்டே இருந்தார். டாக்டர் அவருடைய வலது காதுக்கு ஒரு சாண் தூரத்தில் மெல்ல, "அம்மா, நான் இங்க வந்து ஆறு வருஷமாச்சு, இந்தப் பக்கம் யாரையும் ஏம்மா உக்கார விடல?" என்றார்.

எனக்குக் கேட்டது. கம்பெனிக்காரருக்குக் கேட்டது. மேடம் திரும்பவே இல்லை.

டாக்டர் எழுந்தார். பிறகு என்னிடம், "கம்ப்யூட்டரை அணைப்பா. முதல் படத்தையும் போன வாரப் படத்தையும் ஃபிலிமா கொண்டா" என்றார். ஜன்னல் வெளிச்சத்தில் இரண்டையும் தூக்கிப் பிடித்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வெறும் கண்ணால் பார்த்தார். "இது எந்த ஒன்றாம் வருஷத்து மாணவனுக்கும் தெரியுமே. நான் இதைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டேனே" என்றார். அந்த ஆளை எனக்கு அதுவரை பிடிக்காது. அன்றிலிருந்து பிடிக்கும்.

மூன்று வாரத்தில் ஆபரேஷன் நடந்தது. காது நரம்பில் வளர்ந்த சாதாரணக் கட்டி, புற்று இல்லை. இன்னும் இரண்டு வருஷம் விட்டிருந்தால் கதை வேறு என்றார்கள். கட்டியை முழுசாக எடுத்துவிட்டார்கள். வலது காதில் மிச்சமிருந்த கேட்கும் திறனும் அதோடு போய்விட்டது. கணவர் ஆஸ்பத்திரி வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மதிக்கலன்னு நெனச்சேனே தம்பி, பாவி, எவ்வளவு திட்டினேன்" என்று விம்மினார். "அதான் எதுவும் கேட்டிருக்காதே அண்ணே" என்று சமாதானம் சொன்னேன்.

மேடம் வேலைக்குத் திரும்பிய முதல் நாள், முதல் வேலையாக என்னை வேலை நீக்கம் செய்யும் உத்தரவைத் தயாரித்தார். விதி விதிதான். அதற்கு மூன்று கையெழுத்து வேண்டும். எந்த நிறுவனத்தின் தலைப்புத் தாளில் அடிப்பது என்று மூவருக்கும் இன்னும் ஒத்துவரவில்லை. ஒவ்வொரு கூட்டத்திலும் மேடம் அதை எடுத்து வைப்பார், அவர்கள் சண்டை போடுவார்கள், மேடம் 'ஒத்திவைக்கப்பட்டது' என்று எழுதி என்னைப் பார்க்காமல் புத்தகத்தை மூடுவார். நான் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இயல்புத் தலையை மாற்றவும் மூன்று கையெழுத்து வேண்டும். இரண்டு வந்திருக்கிறது. பேராசிரியர் யோசித்துக்கொண்டிருக்கிறார். அதுவரை எந்தத் தலைக்கும் கம்ப்யூட்டரை நம்பாமல் டாக்டர்களே ஃபிலிமைக் கண்ணால் பார்த்து எழுதுகிறார்கள்.

மூன்று மாதம் கழித்துப் பரிசோதனைக்காக மேடத்தை எங்கள் மெஷினிலேயே படுக்க வைத்தேன். குறட்டை கேட்டது. அஞ்சு நிமிஷம் சேர்த்து எடுத்தேன். மச்சம் இருந்த இடம் காலியாக இருந்தது; குறுக்குக் கோட்டை எங்கே வைப்பது என்று என் கை ஒரு கணம் தடுமாறியது. பெரிய டாக்டர் பார்த்து, சுத்தமாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார். கம்ப்யூட்டரும் தன் பங்குக்கு ஒரு தாளை அடித்துத் தள்ளியது. மேடம் இரண்டாவதைத்தான் மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

வாசலில் கணவர் பள்ளியின் பயிற்சி வண்டியோடு நின்றிருந்தார். ஊருக்கெல்லாம் கற்றுக்கொடுத்தவர் மனைவிக்கு மட்டும் கற்றுக்கொடுத்ததில்லை. ஐம்பத்து நாலு வயதில் மேடம் இப்போது ஓட்டப் பழகுகிறார். அவர் வலப்பக்கம் உட்கார்ந்து ஓட்டினால் கணவர் இடப்பக்கம், நல்ல காதுப் பக்கம் வந்துவிடுகிறார். மேடம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு தாளை எடுத்து நீட்டினார். கணவர் படித்துப் பதறினார்.

"என்னது, இயல்பு அல்ல, ஒண்ணு கொறையுதுன்னு போட்டிருக்கே?"

"ஆமா. எல்லாருக்கும் கொறையுதே, அதேதான். பெல்ட்டைப் போடுங்க."

வண்டி இரண்டு தடவை குலுங்கி நின்றது. "கிளட்ச், கிளட்ச்" என்று அவர் கத்துவது எனக்கு வாசல் வரை கேட்டது. "கேக்குதுங்க, கத்தாதீங்க" என்றார் மேடம்.